பூட் ரிப்பேர்: முதல் பொத்தானைவிட இரண்டாவது பொத்தான் பயனுள்ளது

விண்டோஸ் இருக்கும் கணினியில் அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவிவிட்டு, பென் டிரைவைக் கழற்றி மறுதொடக்கம் செய்ததும், எதுவுமே நடக்காததுபோல விண்டோஸ் மட்டும் எழுந்து வந்து நிற்பதைக் கண்டவர்கள் பலர். அவர்கள் தீர்வு தேடத் தொடங்கினால், சில நிமிடங்களுக்குள் துவக்கத்தைப் பழுதுபார்க்கும் பூட் ரிப்பேர் என்னும் சிறிய மென்பொருளின் பெயர் கண்ணில் படும். அதை நிறுவித் திறந்து, மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும் என்றே பலரும் சொல்வார்கள். நான் கடந்த சில ஆண்டுகளில் என்னுடையதும் நண்பர்களுடையதுமான பல கணினிகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த மதிப்புரைக்காக ஒரு பழைய மடிக்கணினியின் துவக்கத்தை வேண்டுமென்றே கெடுத்தும் பார்த்தேன். மேல் பொத்தானைப் பற்றி எனக்கு அரைமனதான மதிப்புதான் இருக்கிறது. அதன் கீழே, பலரும் தொடாமலேயே விட்டுவிடும் இரண்டாவது பொத்தானுக்காகவே இந்த மென்பொருளை நான் கையோடு வைத்திருக்கிறேன்.

பூட் ரிப்பேர் ஒரு கட்டற்ற மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகிய குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. உபுண்டுவை நிறுவ வைத்திருந்த அதே பென் டிரைவில் கணினியைத் துவக்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் லைவ் அமர்வுக்குள் நுழைந்து, டெர்மினலில் இதற்குரிய பிபிஏ எனப்படும் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவிக்கொள்வது ஒரு வழி. பூட் ரிப்பேர் டிஸ்க் என்று தனியாகவே கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதிக்கொள்வது இன்னொரு வழி. முதல் வழிக்கு இணையம் கட்டாயம். இரண்டாவது வழியிலும், பழுதுபார்க்கும் வேளையில் சில தொகுப்புகளைப் பதிவிறக்க வேண்டி வரலாம் என்பதால், இணையம் இருப்பது நல்லது.

இந்த இடத்திலேயே நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். பென் டிரைவைச் செருகி, துவக்கப் பட்டியலைத் திறந்தபோது, அதே பென் டிரைவின் பெயர் இரண்டு முறை இருந்தது: ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று எழுதியிருந்தது, மற்றொன்றின் முன்னால் எதுவும் இல்லை. அவசரத்தில் எதுவும் எழுதாததைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். லைவ் அமர்வு வழக்கம்போலவே வந்தது. திரையில் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. பூட் ரிப்பேரைத் திறந்து பழுதுபார்க்கச் சொன்னபோதுதான், தற்போதைய அமர்வு பழைய லெகசி முறையில் இருக்கிறது, கணினியை யூஇஎஃப்ஐ முறையில் மறுபடி துவக்கி இந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அதைப் படிக்காமல் மூடியிருந்தால் பழியை மென்பொருளின்மீது போட்டிருப்பேன். அந்த ஓர் எச்சரிக்கைக்காகவே இதை எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நிறுவலின்போதே இந்தத் தவற்றைச் செய்துவிட்டு, பின்னால் காரணம் தெரியாமல் நாட்கணக்கில் அலைபவர்கள் ஏராளம்.

அதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது புரிந்துவிட்டால் துவக்கச் சிக்கல்களில் பாதி புரிந்துவிடும். லெகசி எனப்படும் பழைய பயாஸ் முறையில், கணினி வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. இடம் ஒன்றே என்பதால், விண்டோஸும், இயங்குதளங்களைப் பட்டியலிட்டுத் துவக்கும் லினக்ஸின் நிரலான க்ரப்பும் அந்த 446 பைட்டுகளுக்குப் போட்டி போட்டன. கடைசியாக எழுதியவரே வென்றார். புதிய யூஇஎஃப்ஐ முறையில் அந்தப் போட்டி இல்லை. வட்டில் எஃபி பார்ட்டிஷன் என்று ஒரு சிறிய பகுதி இருக்கும். விண்டோஸ் தானாக அமைத்தால் பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில் அதை உருவாக்கும். அதற்குள் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென ஒரு கோப்புறையை வைத்துக்கொள்கிறது: மைக்ரோசாஃப்ட் என்று ஒன்று, உபுண்டு என்று ஒன்று. எந்தக் கோப்பை முதலில் இயக்க வேண்டும் என்ற வரிசை வட்டில் இருப்பதில்லை. தாய்ப்பலகையில் உள்ள நினைவகத்தில் எழுதி வைக்கப்படுகிறது. ஆகவே ஒரு முறையில் விண்டோஸும் இன்னொரு முறையில் லினக்ஸும் நிறுவப்பட்டால், இரண்டும் தனித்தனியே நலமாக இருந்தும், ஒன்றின் பட்டியலில் மற்றொன்று வேலை செய்யாது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற கருவியைத் திறந்தால், பயாஸ் மோட் என்ற வரியில் எந்த முறை என்று எழுதியிருக்கும். லினக்ஸை நிறுவும் முன் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொள்வது பத்து விநாடி வேலை.

மென்பொருளின் முகப்பு எளிமையானது. மேலே பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம் என்னும் பொத்தான், அதன் கீழே துவக்க விவரச் சுருக்கத்தை உருவாக்கும் பொத்தான், அடியில் மேம்பட்ட அமைப்புகள் என்று மடித்து வைத்த ஒரு பகுதி. அலங்காரம் ஏதுமில்லை, சில ஆண்டுகளுக்கு முன்பே உறைந்துபோனதுபோன்ற தோற்றம்தான். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. கணினி துவங்காத பதற்றத்தில் இருப்பவருக்கு முன்னால் இரண்டே பொத்தான்கள் இருப்பது நல்லதுதான்.

மேல் பொத்தான் தன் வேலையைச் செவ்வனே செய்யும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டுமென்றே கெடுத்த பழைய மடிக்கணினி பயாஸ் முறையில் இயங்குவது; அதில் லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸை மறுபடி நிறுவினேன். எதிர்பார்த்தபடியே விண்டோஸ் அந்த 446 பைட்டுகளையும் தனதாக்கிக்கொண்டது. க்ரப்பின் பட்டியல் மறைந்தது. லைவ் அமர்வில் பூட் ரிப்பேரைத் திறந்து மேல் பொத்தானை அழுத்தினேன். வட்டில் எந்தெந்த இயங்குதளங்கள் இருக்கின்றன என்று தேடியது, க்ரப்பை மறுபடி நிறுவியது, பட்டியலைப் புதிதாக எழுதியது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மறுதொடக்கத்தில் லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் வரிசையாக நின்றன. இதே வேலையைக் கையால் செய்யலாம்: லினக்ஸ் பார்ட்டிஷனை இணைத்து, தேவையான கோப்புறைகளை அதனுள் பொருத்தி, சிஹெச்ரூட் கட்டளையால் உள்ளே நுழைந்து, க்ரப்பை நிறுவி, பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பழகியவருக்கு எட்டுப் பத்து வரிகள். பழகாதவருக்கு ஒவ்வொரு வரியிலும் தவறு செய்ய ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்புகளை இந்தப் பொத்தான் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், இன்று விற்பனைக்கு வரும் கணினிகள் யூஇஎஃப்ஐ முறையில் இயங்குகின்றன. அவற்றில் லினக்ஸ் எழாமல் போவதற்குக் க்ரப் கெட்டுப்போனதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. நலமாக இருக்கும் க்ரப்பை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் பயன் இருக்காது. அங்கேதான் இரண்டாவது பொத்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது.

அதை அழுத்தினால் மென்பொருள் எதையும் மாற்றுவதில்லை. வட்டுகள், பார்ட்டிஷன்கள், அவற்றின் வடிவங்கள், எஃபி பார்ட்டிஷனுக்குள் உள்ள கோப்புகள், க்ரப்பின் அமைப்புகள், தாய்ப்பலகையில் பதிந்துள்ள துவக்க வரிசை ஆகிய எல்லாவற்றையும் திரட்டி, நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட ஓர் உரைக் கோப்பாகக் கொடுக்கிறது. முதல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, தொடக்கத்தில் வரும் சுருக்கம்: எந்தப் பார்ட்டிஷனில் எந்த இயங்குதளம், எந்தத் துவக்கக் கோப்பு இருக்கிறது என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கும். இரண்டாவது, யூஇஎஃப்ஐ பற்றிய பகுதி: தற்போதைய அமர்வு எந்த முறையில் துவங்கியது, செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு அமைப்பு இயங்குகிறதா, துவக்க வரிசை என்ன என்பவை அங்கே இருக்கும். மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒரு பகுதி: மேல் பொத்தானை அழுத்தினால் இந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதை அதுவே முன்கூட்டிக் கடைசிப் பக்கங்களில் எழுதித் தருகிறது. எந்தப் பார்ட்டிஷனில் உள்ள க்ரப்பை எங்கே மறுபடி நிறுவப்போகிறது, கூடவே எந்தெந்தத் தெரிவுகளைப் பயன்படுத்தப்போகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கத்தியை எடுக்கும் முன் எங்கே கீறப்போகிறேன் என்று காட்டும் மருத்துவரைப்போல இது நடந்துகொள்கிறது. நோயாளியின் உறவினர்கள்தான் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஒரு நண்பரின் மடிக்கணினியில் இந்தச் சுருக்கம் எங்களைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்கிறேன். லினக்ஸ் பிழையின்றி நிறுவப்பட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் விண்டோஸ்தான் வந்தது. அவர் ஏற்கெனவே மேல் பொத்தானை மூன்று முறை அழுத்திப் பார்த்திருந்தார்; மூன்று முறையும் வெற்றி என்றே செய்தி வந்திருந்தது. நான் சுருக்கத்தை உருவாக்கச் சொல்லி, யூஇஎஃப்ஐ பகுதியைத் தேடினேன். துவக்க வரிசையில் 0000 என்ற எண்ணில் விண்டோஸும் 0003 என்ற எண்ணில் உபுண்டுவும் இருந்தன. வரிசையில் முன்னால் நின்றது 0000. எஃபி பார்ட்டிஷனுக்குள் உபுண்டுவின் கோப்புறையும் அதில் ஷிம் (க்ரப்புக்கு முன் எழும் சிறிய நிரல்), க்ரப் ஆகிய இரண்டு கோப்புகளும் இருந்தன. எஃபிபூட்எம்ஜிஆர் என்னும் கட்டளையால் 0003 என்ற எண்ணை முன்னுக்குக் கொண்டுவந்தோம். அதே கட்டளையை மறுபடி இட்டுப் பார்த்தபோது வரிசை மாறியிருந்தது. மறுதொடக்கம் செய்து, லைவ் அமர்வுக்குத் திரும்பி வந்து மீண்டும் பார்த்தால், 0000 முன்னால் வந்து நின்றது. வட்டில் குறை இல்லை, க்ரப்பில் குறை இல்லை. கணினியைத் தயாரித்த நிறுவனம் தாய்ப்பலகையிலேயே பதித்துத் தரும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருள்தான் ஒவ்வொரு துவக்கத்திலும் வரிசையைத் தன் விருப்பப்படி திருத்திக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

தீர்வு அந்தக் கணினியின் அமைப்புத் திரைக்குள்ளேயே இருந்தது. செக்யூர் பூட் பக்கத்தில், நம்பகமான யூஇஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வரி மங்கலாகத் தெரிந்தது. மேற்பார்வையாளர் கடவுச்சொல் ஒன்றை அமைத்தால்தான் அது உயிர்பெற்றது. கடவுச்சொல்லை வைத்து, எஃபி, உபுண்டு என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே சென்று ஷிம் கோப்பைத் தேர்ந்தெடுத்து, அதற்கொரு பெயர் கொடுத்து, துவக்க வரிசையில் மேலே ஏற்றிச் சேமித்தோம். அதன் பிறகு க்ரப்பின் பட்டியல் ஒருநாளும் தவறவில்லை. நேர்மையாகச் சொன்னால், பூட் ரிப்பேர் இதைச் சொல்லாமலும் இல்லை: பழுதுநீக்கம் முடிந்ததும் வரும் செய்தியிலேயே, உங்கள் ஃபர்ம்வேர் இன்ன பார்ட்டிஷனில் உள்ள ஷிம் கோப்பிலிருந்து துவங்குமாறு அமைக்க மறந்துவிடாதீர்கள் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. வெற்றி என்ற சொல்லுக்குப் பிறகு வரும் வாக்கியத்தை யார் படிக்கிறார்கள்? அதைக் கொட்டை எழுத்தில், வெற்றிச் செய்திக்கு முன்னால் போட்டிருந்தால் நண்பருக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் மிச்சமாகியிருக்கும்.

இத்தகைய பிடிவாதமான ஃபர்ம்வேர்களுக்கென மேம்பட்ட அமைப்புகளில் இரண்டு தெரிவுகள் உள்ளன. ஒன்று, எஃபி பார்ட்டிஷனில் பூட் என்ற பொதுக் கோப்புறைக்குள், எல்லா ஃபர்ம்வேர்களும் கடைசிப் புகலாகத் தேடும் கோப்பின் இடத்தில் லினக்ஸின் துவக்கக் கோப்பை வைப்பது. இதில் பெரிய தீங்கு இல்லை; பயன்படுத்தலாம். மற்றொன்று, விண்டோஸின் துவக்கக் கோப்பையே பெயர் மாற்றிப் பிரதியெடுத்து வைத்துவிட்டு, அதன் இடத்தில் லினக்ஸின் கோப்பை அமர்த்துவது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது தன் துவக்கக் கோப்பை மறுபடி எழுதும் உரிமையுடையது. அப்படி எழுதினால் பழைய சிக்கல் திரும்பி வரும், கூடவே எது அசல், எது பிரதி என்ற குழப்பமும் சேரும். அந்த அளவுக்குப் போவதற்கு முன், துவங்கும் நேரத்தில் ஒரு விசையை அழுத்திப் பட்டியலிலிருந்து லினக்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே மேல். சிறிய தொல்லைதான், ஆனால் எதுவும் உடையாது.

செக்யூர் பூட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இது இயங்கும் கணினியில், கையொப்பமிடப்பட்ட கோப்புகளை மட்டுமே ஃபர்ம்வேர் இயக்கும். லினக்ஸ் வழங்கல்கள் இதற்காகவே ஷிம் என்னும் சிறிய நிரலை மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு வைத்திருக்கின்றன. ஷிம் முதலில் எழுந்து, தன் வழங்கலின் சாவியால் க்ரப்பைச் சரிபார்த்து, பிறகு அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். குறைபாடுள்ள பழைய ஷிம், க்ரப் பதிப்புகளைத் தடுப்பதற்கு எஸ்பாட் என்ற பதிப்பெண் முறையும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, இரண்டு இயங்குதளங்கள் இருக்கும் கணினிகளை விட்டுவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அவற்றில் பலவற்றிலும் இந்தத் தடையைப் பதித்துவிட்டது. மறுநாள் லினக்ஸைத் துவக்கியவர்கள், ஷிம்மின் எஸ்பாட் சரிபார்ப்பு தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல், ஏதோ மிகப் பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்னும் பொருளுடைய வரிகளைக் கண்டார்கள். சற்று நேரத்தில் கணினி தானே அணைந்தது. 2025 மே மாதப் புதுப்பிப்புகளில்தான் மைக்ரோசாஃப்ட் இதற்கு முழுத் தீர்வைத் தந்தது.

இத்தகைய இடத்தில் மேல் பொத்தானை நம்புவது வீண். அதே பழைய ஷிம்மையே மறுபடி எழுதினால், அதே தடைதான் மறுபடி வரும். செய்ய வேண்டியது வேறு: ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் நுழைந்து, மோக்யூட்டில் என்னும் கட்டளையால் எஸ்பாட் கொள்கையை நீக்கி, மறுதொடக்கம் செய்து, ஷிம்மையும் க்ரப்பையும் புதுப்பித்துக்கொண்டு, பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் இயக்க வேண்டும். சுருக்கத்தில் செக்யூர் பூட் இயங்குகிறதா என்ற வரியும் எஃபி பார்ட்டிஷனில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்ற பட்டியலும் இருப்பதால், நோய் இதுதானா என்று ஊகிக்க அது உதவும். மருந்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் செக்யூர் பூட்டை நிறுத்தும் முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள். வட்டு பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டின் நிலையை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். தான் எப்போது பிட்லாக்கரை இயக்கினோம் என்றே நினைவில்லாதவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 11 நிறுவப்பட்ட பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடுவதே அதற்குக் காரணம். அந்தச் சாவி பெரும்பாலும் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இன்னொரு சாதனத்திலோ தாளிலோ எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஃபர்ம்வேரைத் தொட வேண்டும். பூட் ரிப்பேர் இதைத் தடுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னொரு மறைமுகக் குற்றவாளி. அது இயங்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸின் மையப் பகுதி முழுமையாக அணைவதில்லை. தன் நிலையை வட்டில் உறைய வைத்துவிட்டுத் தூங்குகிறது. அதனால் விண்டோஸின் பார்ட்டிஷன் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே லினக்ஸுக்குத் தோன்றும். படிக்க மட்டுமே விடும், அல்லது இணைக்கவே மறுத்துவிடும். நிர்வாகி உரிமையோடு விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷன் என்னும் இந்த உறைநிலையை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுமையாக அணைத்த பின் லினக்ஸ் வேலைகளைத் தொடங்குவது நல்லது.

நிறுவும்போது வட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்பவர்களுக்கும் இந்த மென்பொருளிடம் வேலை இல்லை. இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்னும் சேமிப்பக அமைப்பின்கீழ் எஸ்எஸ்டி மறைந்திருப்பதே அதற்குப் பொதுவான காரணம். ஃபர்ம்வேரில் அதை வழக்கமான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் தன் வட்டைக் காணாமல் நீலத் திரையில் நின்றுவிடக்கூடும் என்பதால், முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் துவங்குமாறு அமைத்து, மறுதொடக்கத்தின்போது ஃபர்ம்வேரில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்த பிறகு வழக்கமான துவக்கத்துக்குத் திருப்ப வேண்டும்.

க்ரப் வருகிறது, அதில் விண்டோஸ் மட்டும் இல்லை என்பது லினக்ஸே வராததற்கு நேரெதிரான சிக்கல். 2021இல் வெளிவந்த க்ரப் 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் என்னும் கருவி பாதுகாப்புக் கருதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அதற்குரிய ஒரே ஒரு வரியைத் திருத்தி, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தோன்றிவிடும். இதற்காகப் பென் டிரைவைத் தேடி, லைவ் அமர்வுக்குப் போய், பூட் ரிப்பேரை நிறுவுவது கொசுவை அடிக்கக் கோடாலி தேடுவது.

மென்பொருளைப் பற்றிய என் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சில வேளைகளில் இது க்ரப் தொகுப்புகளை முழுவதும் அகற்றிவிட்டு, இணையத்திலிருந்து இறக்கி மறுபடி நிறுவும் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. அப்போது டெர்மினலைத் திறந்து, தான் தரும் சில வரிகளை ஒட்டி இயக்குமாறு நம்மிடமே கேட்கிறது. அகற்றலுக்கும் நிறுவலுக்கும் இடையில் இணைப்பு அறுந்தால், முன்பு பாதி கெட்டிருந்த துவக்கம் முழுவதும் போய்விடும். அகற்றிவிட்டு நிறுவும் தெரிவு மேம்பட்ட அமைப்புகளில் உள்ளது. வேறு வழியில்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள். அடுத்தது, துவக்க விவரச் சுருக்கத்தை இணையத்தில் பொதுவாகப் பகிரும் தளம் ஒன்றில் ஏற்றி, அதன் முகவரியை நம்மிடம் தரும் வழக்கம். உதவி கேட்பவருக்கு அது வசதிதான்; ஆனால் அதில் நம் வட்டுகளின் அடையாள எண்கள், பார்ட்டிஷன்களுக்கு நாமே வைத்த பெயர்கள், கணினியின் மாதிரி எல்லாம் இருக்கும். ஏற்ற வேண்டாம் என்று மறுத்துவிட்டு, கோப்பை நம்மிடமே வைத்துக்கொள்ளவும் முடியும். நான் அப்படித்தான் செய்கிறேன். மூன்றாவதாக, டெபியன் குடும்பத்துக்கு வெளியே போனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ கணினிகளில் க்ரப் நிறுவும் கட்டளையை இயக்கவே கூடாது, ஷிம், க்ரப் தொகுப்புகளை மறுபடி நிறுவினால் போதும் என்பதே அதன் வழிகாட்டல். உபுண்டுவின் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் செக்யூர் பூட் முரண்டு பிடிக்கும்.

இதற்கு மாற்றாக இரண்டு கருவிகளை நான் வைத்திருக்கிறேன். சூப்பர் க்ரப்2 டிஸ்க் எதையும் திருத்துவதில்லை. வட்டில் கிடக்கும் இயங்குதளங்களைக் கண்டுபிடித்து, ஒருமுறை உள்ளே கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போய்விட்டால் க்ரப்பை அங்கிருந்தே ஒரு கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். சிஹெச்ரூட் வித்தையெல்லாம் தேவைப்படாது. கட்டளைகளுக்கு அஞ்சாதவர்களுக்குப் பூட் ரிப்பேரைவிட இதையே முதலில் பரிந்துரைப்பேன். மற்றொன்று ரீஃபைண்ட் என்னும் துவக்க மேலாளர். அது ஒவ்வொரு துவக்கத்திலும் எஃபி பார்ட்டிஷன்களை அலசி, கிடைப்பவற்றைப் படங்களாகக் காட்டும். புதிதாக ஓர் இயங்குதளம் வந்தாலும் பட்டியலைப் புதுப்பிக்கத் தேவையில்லை. ஆனால் பயாஸ் முறையில் மட்டும் இயங்கும் பழைய கணினிகளில் அதற்கு இடமில்லை. செக்யூர் பூட்டோடு அதைப் பழக்குவதற்குக் கூடுதல் வேலை உண்டு. விண்டோஸின் மீட்புத் திரையில் எம்பிஆரை, அதாவது வட்டின் அந்த முதல் 512 பைட்டுகளை, திருத்தும் கட்டளையை இடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். யூஇஎஃப்ஐ கணினியில் துவக்கம் அந்த இடத்திலிருந்து நடப்பதே இல்லை என்பதால் அதனால் பயனில்லை; விண்டோஸின் துவக்கக் கோப்புகளே காணாமல் போயிருந்தால், எஃபி பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்தை ஒதுக்கி, பிசிடிபூட் கட்டளையால் அவற்றை மறுபடி எழுத வேண்டும்.

கடைசியாக, லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களைப் பற்றி. விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்பவர்கள், கறுப்புத் திரையில் க்ரப் ரெஸ்க்யூ என்ற ஒற்றை வரியையோ வெறும் க்ரப் என்ற வரியையோ கண்டு திகைக்கிறார்கள். ரெஸ்க்யூ என்று வந்தால் பெரும்பாலும் அது பயாஸ் முறைக் கணினி: வட்டின் தொடக்கத்தில் க்ரப்பின் தலை மட்டும் மிஞ்சி, உடல் அழிந்த பார்ட்டிஷனோடு போயிருக்கிறது. பூட் ரிப்பேரின் மேம்பட்ட அமைப்புகளில் எம்பிஆரை மீட்கும் தெரிவு இந்த இடத்துக்கு மிகப் பொருத்தமானது; சில விநாடிகளில் விண்டோஸ் நேராக எழும். வெறும் க்ரப் என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் அது யூஇஎஃப்ஐ கணினி. எஃபி பார்ட்டிஷனில் லினக்ஸின் கோப்புறை இன்னும் இருக்கிறது, துவக்க வரிசையிலும் அதுவே முன்னால் நிற்கிறது. இங்கே எந்த மென்பொருளையும் இறக்க வேண்டியதில்லை. துவக்கப் பட்டியலைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து உள்ளே சென்று, அங்கிருந்தோ லைவ் அமர்விலிருந்தோ பழைய பதிவை வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, எஃபி பார்ட்டிஷனில் எஞ்சியிருக்கும் அந்தக் கோப்புறையையும் அழித்துவிடலாம். அழிக்கும் முன் கோப்புறையின் பெயரை மட்டும் இருமுறை படியுங்கள். அதற்கு அடுத்த வரியில் இருப்பது மைக்ரோசாஃப்டின் கோப்புறை.